அளந்து கொடுத்த அதிகாரம்

(சங்கத்தின் 2025 ஆம் ஆண்டு விழாவில், கணினிக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காண வந்திருக்கும் இனிய மாலைப் பொழுதில் கணினியைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறார்களே என்று எவரும் கலங்க வேண்டா. நெடுநேரம் பேசமாட்டோம். ஆனால் பேசாமலிருக்கவும் எங்களுக்கு உரிமை இல்லை. உங்களுக்கு நாங்கள் ஒரு விளக்கம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைத் தீர்க்கவே இம்மேடையில் இடம் கேட்டோம்.

2023 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், சங்கத்தின் உறுப்பினர் அனைவர்க்கும் எங்கள் குழுவினின்று ஒரு கடிதம் வந்தது. சங்கத்தின் சர்வருக்குள், அதாவது நம் வலைத்தளமும் உறுப்பினர் பதிவேடும் குடியிருந்த கணினிக்குள், அயலான் ஒருவன் புகுந்துவிட்டான் என்று அதில் எழுதியிருந்தோம். அக்கடிதத்தின் நடுவே ஒரு வாக்கியம் இருந்தது. “எந்த விவரம் களவு போயிற்று, எது போகவில்லை என்பதை எங்களால் உறுதியாகக் கூற இயலவில்லை” என்பதே அது. அந்த வாக்கியத்தை எழுதும்போது எங்கள் கை கூசியது உண்மை.

கடிதம் கண்ட மறுநாள், நம் சங்கத்தின் மூத்த தாயார் ஒருவர் எங்களை அழைத்து, “தம்பி, வீட்டில் திருடு போனால் பீரோவைத் திறந்து பார்த்ததும் இன்னது போயிற்று என்று சொல்லிவிடுகிறோம். உங்கள் பெட்டியில் எது போயிற்று என்று கூடவா தெரியாது?” என்று கேட்டார்கள். அன்று எங்களால் சரியான விடை கூற முடியவில்லை. “பார்க்கிறோம் அம்மா” என்று மட்டும் சொல்லி வைத்தோம். இந்த உரை முழுவதும் அந்த அம்மையார் கேட்ட ஒரு கேள்விக்கு விடைதான்.

முதலில் சர்வர் என்பது யாது என்று பார்ப்போம். அது ஏதோ விந்தையான பொறி அன்று. கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்காக இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு மென்பொருளும், அது இயங்கும் கணினியுமே சர்வர் எனப்படும். வலைப்பக்கம் கேட்டால் வலைப்பக்கம், மின்னஞ்சல் கேட்டால் மின்னஞ்சல். வாயிற்படியில் நின்று, வருவோர் போவோர் எல்லாரிடமும் பேசுகின்ற ஊழியனைப் போன்றது அது. நல்லவரும் வருவர், தீயவரும் வருவர். யார் வந்தாலும் பேசியே தீரவேண்டும் என்பது அதன் தொழில்.

இனி, அந்த ஊழியனுக்கு எத்தனை சாவிகள் கொடுக்கலாம் என்பதே கேள்வி.

யூனிக்ஸ், லினக்ஸ் வழிவந்த கணினிகளில் ‘ரூட்’ என்று ஒரு பயனர் உண்டு. ரூட் என்றால் வேர். கணினியின் கணக்கில் இவருடைய எண் 0. மற்றப் பயனர் எவரேனும் ஒரு கோப்பைத் திறக்க முயன்றால், இவருக்கு இதைப் படிக்க உரிமை உண்டா, திருத்த உரிமை உண்டா என்று கணினி ஆராயும். ரூட் வந்து கேட்டாலோ அந்த ஆராய்ச்சி பெரும்பாலும் இல்லை. எந்தக் கோப்பையும் படிக்கலாம்; எதனையும் அழிக்கலாம்; எந்தப் பயனரின் உருவையும் மேற்கொள்ளலாம். வேரைப் பற்றியவன் கையில் மரம் முழுவதும் அடக்கம். ஒரு மென்பொருளை ரூட்டின் பெயரால் இயக்கினால், அந்த மென்பொருளின் கையிலும் அத்தனை சாவிகளும் சேர்ந்துவிடுகின்றன.

நாங்கள் செய்த பிழை அதுவே. 2019 ஆம் ஆண்டு பொங்கல் விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. குழந்தைகளின் ஓவியப் போட்டிக்கான படங்களைப் பெற்றோர் வீட்டிலிருந்தே அனுப்புவதற்கு ஒரு சிறு மென்பொருள் எழுதினோம். இயக்கிப் பார்த்தால் ‘அனுமதி இல்லை’ என்றது. வலைத்தளம் தன் வாயிலாகக் கொள்வது 80 ஆம் எண் போர்ட். யூனிக்ஸ் மரபில் 1024க்குக் குறைந்த எண்ணுடைய போர்ட்டுகளைத் திறக்க ரூட்டின் அதிகாரம் வேண்டும். படங்களைச் சேர்க்கும் கோப்புறையிலும் ‘அனுமதி இல்லை’ என்றே வந்தது. மாலையில் விழாக் குழுவின் கூட்டம். அதற்குள் முடித்தாக வேண்டும். ரூட்டின் பெயரால் இயக்கினோம். உடனே எல்லாம் ஓடியது. பின்னர் முறையாகச் சீர்செய்யலாம் என்று பேசிக்கொண்டோம். ஓடுகின்ற வண்டியை நிறுத்திப் பார்ப்பவர் யார்? அந்தப் ‘பின்னர்’ நான்கு ஆண்டுகளுக்கு மேல் வரவே இல்லை.

2023 ஆம் ஆண்டில், வந்த படங்களைச் சிறிதாக்கித் தரும் ஒரு பழைய துணை மென்பொருளில் இருந்த பிழையைப் பயன்படுத்தி ஒருவன் நுழைந்தான். படம் போலத் தோன்றிய ஒரு கோப்பை அனுப்பினான். அதனுள் கட்டளை இருந்தது. கட்டளையை நம் மென்பொருள் நிறைவேற்றியது. யாருடைய அதிகாரத்தோடு? ரூட்டின் அதிகாரத்தோடு. குழந்தைகளின் ஓவியத்தை வாங்கி வைக்க வேண்டிய ஊழியன் கையில், உறுப்பினர் பதிவேட்டின் சாவியும், நன்கொடைக் கணக்கின் சாவியும், வரன் பதிவு செய்த குடும்பங்களின் விவரங்களின் சாவியும் இருந்தன. அனைத்தையும் விட முக்கியமாக, யார் எப்போது வந்தார், என்ன செய்தார் என்று குறிக்கும் பதிவேட்டின் சாவியும் இருந்தது.

நம் கணினியிலிருந்து பல்லாயிரம் பொய்யஞ்சல்கள் புறப்படுகின்றன என்று, கணினியை வாடகைக்கு அளித்திருந்த நிறுவனத்தார் அறிவித்த பின்னரே எங்களுக்குத் தெரிந்தது. பதிவேட்டைத் திறந்தோம். பத்தொன்பது நாட்களுக்குரிய வரிகள் அதில் இல்லை. வந்தவன் தன் அடிச்சுவட்டைத் தானே பெருக்கித் துடைத்துவிட்டுச் சென்றிருந்தான்.

அம்மையாரின் கேள்விக்கு உரிய விடை இதுதான். பீரோவைத் திறந்தால் எது போயிற்று என்று தெரியும் என்றீர்கள். ஆனால் கணினியில் திருடுபவன் பொருளை எடுத்துச் செல்வதில்லை. படி எடுத்துச் செல்கிறான். மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆதலின் பீரோவைப் பார்ப்பதால் பயனில்லை. காவலர் எழுதிய குறிப்பேட்டைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டையும் திருத்தும் அதிகாரத்தை, வாயிலில் நின்ற ஊழியனிடமே நாங்கள் ஒப்படைத்திருந்தோம். ஆகவே உங்களிடம் உண்மை கூறும் ஆற்றலையே இழந்தோம்.

இங்கு ஒன்றை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். அதிகாரத்தைக் குறைப்பதால் திருடன் வரமாட்டான் என்பதில்லை. எந்த மென்பொருளிலும் பிழை இருக்கும். என்றேனும் ஒருநாள் ஒருவன் நுழைவான். நுழைந்தவன் எதுவரை செல்லலாம் என்பதை, அவன் வருவதற்கு முன்னரே நாம் தீர்மானித்து வைப்பதுதான் இதன் பயன். அவ்வாறு தீர்மானித்து வைத்தவரே பின்பு, “இது போயிற்று, இது போகவில்லை” என்று நெஞ்சறியக் கூற முடியும்.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்க நாட்டின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தைச் சார்ந்த ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவர் 1975 ஆம் ஆண்டில் கணினியில் உள்ள தகவலைக் காப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதில் அவர்கள் வகுத்துரைத்த எட்டுக் கோட்பாடுகளுள் ஒன்று, எந்த நிரலும் எந்தப் பயனரும் தம் வேலைக்குத் தேவையான அளவினும் மிகுந்த உரிமை கொண்டிருத்தல் ஆகாது என்பது. கள்வரை எண்ணி மட்டும் அவர்கள் அதனைக் கூறவில்லை. தவறுதலாக நேரும் கேட்டையும் அது ஓர் எல்லைக்குள் நிறுத்தும் என்பதை எடுத்துக்காட்டினர். நல்ல ஊழியனும் தூக்கக் கலக்கத்தில் தவறு செய்வான் அன்றோ?

கோட்பாட்டை அறிந்திருந்தும் உலகம் அதனை எளிதில் கைக்கொள்ளவில்லை. 2001 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் ‘கோட் ரெட்’ என்னும் கணினிப் புழு பரவியது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வலைச் சர்வரில், தேடுதலுக்கு உதவும் ஒரு பகுதியில் பிழை இருந்தது. அப்பிழையைத் திருத்தும் மருந்தை அந்நிறுவனம் சூன் 18 ஆம் நாளே வெளியிட்டிருந்தது. பலர் அதனை இட்டுக்கொள்ளவில்லை. சூலை 19 ஆம் நாள் பதினான்கு மணி நேரத்திற்குள் 3,59,000க்கும் மிகுதியான கணினிகளை அப்புழு பற்றியது. பிழையுள்ள அந்தச் சிறு பகுதி, கணினியின் முழு அதிகாரத்துடன் இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே வாயிலில் நுழைந்த புழு அப்போதே வீட்டின் தலைவனும் ஆயிற்று. பின்னர் 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் சர்வரில் அந்நிறுவனத்தார் முறையை மாற்றினர். வலைச் சர்வரை முதலிலேயே நிறுவாமல் வேண்டுவோர் மட்டும் நிறுவிக்கொள்ள விட்டனர். நிறுவிய பின்னும் குறைந்த அதிகாரமுடைய ஒரு தனிக் கணக்கின் பெயரால் அதனை இயங்க வைத்தனர்.

யூனிக்ஸ் உலகிலும் இவ்வாறே நடந்தது. மின்னஞ்சலைக் கையாளுவதில் நெடுங்காலம் பெருவழக்காய் இருந்த சென்ட்மெயில் என்னும் மென்பொருள், ஒரே பெரிய நிரலாய் ரூட்டின் அதிகாரத்துடன் இயங்கியது. அதில் ஓட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிப்பட்டன. வீட்சே வெனிமா என்பார் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில் எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மென்பொருள் 1998 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் அந்த வேலையைப் பல சிறு நிரல்களுக்குப் பங்கிட்டார். நம் தபால் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். பெட்டியில் கடிதம் எடுப்பவர் ஒருவர், பிரிப்பவர் ஒருவர், வீடுதோறும் கொடுப்பவர் ஒருவர். தெருவில் வரும் தபால்காரரிடம் தபால் நிலையத்துப் பணப்பெட்டியின் சாவி இருப்பதில்லை. போஸ்ட்ஃபிக்ஸில் வெளியுலகத்தோடு பேசும் நிரலுக்கு ரூட்டின் அதிகாரம் இல்லை.

தொலைவிலிருந்து கணினியைப் பராமரிக்க உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்னும் மென்பொருளின் வரலாறு இதனினும் தெளிவானது. உள்ளே வருபவர் யார் என்று தெரிவதற்கு முன்பே அவரோடு நெடிது பேச வேண்டிய மென்பொருள் அது. நீல்ஸ் புரோவோஸ் என்பார் அதனை இரண்டாகப் பிரித்தமைத்தார். அயலாரோடு பேசும் பெரும்பகுதிக்கு அதிகாரம் இல்லை; அதிகாரமுள்ள சிறுபகுதி உள்ளே இருந்துகொண்டு, கேட்கப்பட்ட ஓரிரு காரியங்களை மட்டும் ஆராய்ந்து செய்து கொடுக்கும். 2002 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இந்த அமைப்பு எல்லார்க்கும் இயல்பாகவே கிடைக்கும்படி வெளியிடப்பட்டது. அதே மாதத்தில் அம்மென்பொருளில் ஒரு கடுமையான பிழை வெளிப்பட்டது. பிரித்தமைத்த முறையைக் கைக்கொண்டிருந்த கணினிகளில், அப்பிழையின் வழியே நுழைபவர்க்கு முழு அதிகாரம் கிட்டாதபடி அந்த அமைப்பே தடுத்தது. முன்னறிவு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

80 ஆம் போர்ட்டைத் திறக்க ரூட் வேண்டுமென்றால் வலைச் சர்வர் என்ன செய்யும் என்று இளைஞர்கள் கேட்கலாம். ரூட்டாகத் தொடங்கி, வாயிலைத் திறந்தவுடன் அதிகாரத்தைத் துறந்துவிடுவதே நெடுநாள் மரபு. அப்பாச்சி என்னும் புகழ்பெற்ற வலைச் சர்வரில் தாய் நிரல் ரூட்டாகத் தொடங்கும். வருவோரோடு பேசும் சேய் நிரல்கள் எளிய பயனர் ஒருவரின் பெயரால் இயங்கும். அச்சேய் நிரல்களையும் ரூட்டாகவே இயக்கு என்றால் அப்பாச்சி மறுத்துவிடும். பிடிவாதம் பிடிப்பவர், மென்பொருளைத் தொகுக்கும்போதே ஒரு தனிக் குறியை இடவேண்டும். ஆங்கிலத்தில் அந்தக் குறிக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் ‘பெரும் பாதுகாப்பு ஓட்டை’ என்பது! தம் செயலின் பெயரைத் தம் கையாலேயே எழுதிய பின்னர்தான் அதனைச் செய்ய முடியும். எங்கள் சிறு மென்பொருளை எழுதியபோது இப்படி ஒரு தடையை நாங்கள் வைக்கவில்லை.

அதிகாரத்தைத் துறப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் குழுக்களுக்குரிய உரிமைகளைக் களைய வேண்டும். அதன் பின்னரே பயனர் என்னும் நிலையை மாற்ற வேண்டும். முதலிலேயே எளிய பயனராகிவிட்டால், குழு உரிமைகளைக் களையும் அதிகாரமும் கையில் இராது. பழைய உரிமை மறைவாக ஒட்டிக்கொண்டிருக்கும். பதவியை விட்டவர் அலுவலகச் சாவியை வீட்டிலேயே வைத்துக்கொண்டது போல் ஆகும். துறந்த பின் மீண்டும் ரூட்டாக முயன்று பார்த்து, முடியவில்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லோர் வழக்கம். இன்று லினக்ஸில் வேறு வழியும் உண்டு. ரூட்டின் பேரதிகாரம் பல துண்டுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. குறைந்த எண்ணுள்ள போர்ட்டைத் திறக்கும் ஒரு துண்டை மட்டும் ஒரு நிரலுக்கு அளிக்கலாம். 2019 ஆம் ஆண்டில் எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு துண்டும், ஒரு கோப்புறையில் எழுதும் உரிமையும் மட்டுமே. நாங்கள் கொடுத்ததோ கணினி முழுவதும்.

இனி, மற்றொரு பிழையையும் சுட்ட வேண்டும். எல்லா மென்பொருள்களையும் ஒரே எளிய பயனரின் பெயரால் இயக்குவோர் உளர். ‘எவருமில்லை’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு பயனர் யூனிக்ஸில் உண்டு. எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினால், எவருமில்லாதவரே எல்லாமும் ஆகிவிடுகிறார். ஒரு மென்பொருளில் புகுந்தவன் மற்றவற்றின் கோப்புகளையும் எட்டிவிடுவான். ஒவ்வொரு பணிக்கும் ஒவ்வொரு கணக்கு வேண்டும். இக்காலத்தில் பலரும் விரும்பும் ‘கன்டெய்னர்’ முறையிலும், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் உள்ளிருக்கும் நிரல் பல நேரங்களில் ரூட்டாகவே இயங்குகிறது. பெட்டிக்குள் இருக்கிறோம் என்று உறங்கிவிடலாகாது.

கணக்கைப் பிரிப்பது போலவே கட்டடத்திற்குள்ளும் சுவர் எழுப்ப வேண்டும். 2022 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டதை நாடே அறியும். பல நாட்கள் அங்கே தாளும் பேனாவும் கொண்டே பணிகள் நடந்தன. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே அதற்குக் காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் விடை கூறியது. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவாமல் தடுக்கும் சுவரும், ஒரு நிரலின் கையிலுள்ள சாவியைக் குறைப்பதும் ஒரே அறிவின் இரு முகங்கள்.

இம்மருந்து எல்லா நோயையும் தீர்க்கும் என்று நாங்கள் கூறவில்லை. 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை, சர்வர் தன் நினைவகத்தில் வைத்திருந்தவற்றையே அயலார்க்குக் கசிய விட்டது. எளிய பயனராக இயங்கியும் பயனில்லை. தன் கையில் இருந்ததையே அது கொடுத்துவிட்டது. 2016 ஆம் ஆண்டில் ‘டர்ட்டி கவ்’ என்ற பிழையும், 2022 ஆம் ஆண்டில் ‘பான்கிட்’ என்ற பிழையும் வெளிப்பட்டன. அவை, உள்ளே நுழைந்துவிட்ட எளிய பயனர் ரூட்டாக உயர்வதற்கு வழிவிட்டன. ஆதலின் பிழைதிருத்தங்களை உடனுக்குடன் இடுவதும் இன்றியமையாதது. எல்லை வகுப்பதும், வேலியைப் பழுது பார்ப்பதும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகா.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். பழைய கணினியை முற்றிலும் அழித்துப் புதிதாக அமைத்தோம். ஓவியம் வாங்கும் நிரலுக்குத் தனிக் கணக்கு. அது ஒரே ஒரு கோப்புறையில் எழுதலாம், அங்கிருந்து எதனையும் இயக்கலாகாது. உறுப்பினர் விண்ணப்பம் வாங்கும் நிரலுக்கு வேறு கணக்கு. புதிய விண்ணப்பத்தைத் தரவுத்தளத்தில் சேர்க்க மட்டுமே அதற்கு உரிமை, பழைய பதிவேட்டைப் படிக்க உரிமை இல்லை. நன்கொடைக் கணக்கும் வரன் விவரங்களும் அந்தக் கணினியிலேயே இல்லை. வருகைப் பதிவு வரிக்கு வரி அப்போதைக்கப்போதே வேறொரு கணினிக்குச் சென்றுவிடும். சர்வரால் அதனைச் சேர்க்க முடியும், அழிக்க முடியாது.

இதற்கெல்லாம் மூன்று மாதம் பிடித்தது. எங்களுக்குள்ளேயே முணுமுணுப்பும் எழுந்தது. முன்பு ஒரு கடவுச்சொல்லில் எல்லாம் செய்தவர்கள், இப்போது ஒவ்வொன்றுக்கும் உரிமை கேட்க வேண்டியிருந்தது. “எங்கள் மீது நம்பிக்கை இல்லையா?” என்று குழுவிலேயே ஒருவர் வருந்திக் கேட்டார். நாங்கள் அவரை நம் சங்க மன்றத்திற்கு அழைத்துச் சென்றோம். மன்றத்தின் காவலர் நமக்கு உற்றவர், பல்லாண்டு பழகியவர். அவரிடம் வாயிற்சாவியும் மன்றச் சாவியும் உண்டு. கணக்குப் புத்தகங்கள் உள்ள பீரோவின் சாவி இல்லை. அது பொருளாளரிடம் இருக்கிறது. பொருளாளரும் தனியே காசோலை எழுத முடியாது. இருவர் கையெழுத்து வேண்டும். காவலரை நாம் ஐயுற்றோமா? பொருளாளரை இழிவுபடுத்தினோமா? இல்லை. என்றேனும் பணம் குறைந்தால் அவர்கள் மீது பழி விழாமல் காக்கிறோம். கையில் இல்லாத சாவிக்கு எவரும் பொறுப்பாளி ஆகமாட்டார். அளந்து கொடுத்த அதிகாரம், கொடுத்தவரைப் போலவே பெற்றவரையும் காக்கிறது. அதைக் கேட்டபின் நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் தம் ரூட் கடவுச்சொல்லைத் தாமே திருப்பிக் கொடுத்தார்.

2024 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் மீண்டும் ஒருவன் புகுந்தான். ஆம், மீண்டும் புகுந்தான். ஓவியப் பகுதியில் நாங்கள் அறியாத வேறொரு பிழை இருந்தது. ஆனால் இம்முறை பதிவேடு முழுமையாக நம் கையில் இருந்தது. இரவு இரண்டு மணி பத்து நிமிடத்திற்கு அவன் நுழைந்ததும், உறுப்பினர் பதிவேட்டைத் தேடிக் காணாமல் திரும்பியதும், வேறு கோப்புகளைத் திறக்க முயன்று மறுக்கப்பட்டதும் வரிசையாகத் தெரிந்தன. அவன் எட்டியது அந்தக் கோப்புறை ஒன்றே. அதிலிருந்த ஓவியங்கள் எல்லாரும் காண வைத்தவை. எனினும் அந்த வாரம் அனுப்பிய ஐந்து குடும்பங்களின் தொலைபேசி எண்கள் படங்களோடு சேர்ந்து அங்கே காத்திருந்தன. அது எங்கள் குறை. அந்த ஐந்து வீடுகளுக்கும் அன்று மாலையே நேரில் சென்று சொன்னோம். மற்றவர்க்கு மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதினோம். முதற் கடிதத்தில் இருந்த ‘இயலவில்லை’ என்ற சொல் இரண்டாம் கடிதத்தில் இல்லை. இப்போது எண்களும் தனியே வேறிடம் செல்லுமாறு மாற்றியிருக்கிறோம்.

2023 ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரம் கசிந்தால் உரியவர்க்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமையை வகுத்துள்ளது. அறிவிப்பதற்கு முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அன்றோ? தெரிந்துகொள்ளும் வழியைத் திருடன் கையில் கொடுத்துவிட்டால் எந்தச் சட்டமும் நமக்குத் துணை செய்யாது.

இதனைச் சர்வர் நடத்துவோர்க்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டா. நம் வீடுகளிலும் இதே கேள்வி உண்டு. வீட்டுக் கணினியில் பிள்ளைகள் நாள்தோறும் புழங்கும் கணக்கு நிர்வாகி அதிகாரம் உடையதாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். கைப்பேசியில் ஒரு விளக்குச் செயலி உங்கள் தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்டால், வெளிச்சம் தருவதற்கு உறவினரின் எண் எதற்கு என்று கேளுங்கள். மறுத்துப் பாருங்கள், விளக்கு எரியத்தான் செய்யும். மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் நம் இளைஞர்களே, ‘அனுமதி இல்லை’ என்ற செய்தியைக் காணும்போது எரிச்சல் கொள்ளாதீர்கள். எந்த அனுமதி இல்லை என்று ஒரு நாழிகை நின்று பாருங்கள். எங்களைப் போல் அந்த ஒரு நாழிகையை மிச்சம் பிடிக்கப் போய் நான்கு ஆண்டுக் கடனை வாங்காதீர்கள்.

தமிழில் அதிகாரம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆளும் உரிமையும் அதிகாரம். நூலின் ஒரு பகுதியும் அதிகாரம். திருக்குறளில் 133 அதிகாரங்கள். ஒவ்வொன்றிலும் பத்தே குறட்பாக்கள். யாருக்கு எந்த வேலை தகும் என்று ஆராய்ந்து பணியில் அமர்த்துவதற்கென்றே ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அதுவும் பத்துக் குறளோடு நிற்கிறது. அடுத்ததன் எல்லைக்குள் நுழைவதில்லை. இவ்விரு பொருளுக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். எங்களுக்கு அது நல்ல நினைவூட்டலாய்ப் பயன்படுகிறது. எந்த அதிகாரத்தைக் கொடுப்பதாயினும், அது எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாய்மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து, ஒருவர் வீட்டு முகவரியை ஒருவர் அறிந்து, நல்லதற்கும் கெட்டதற்கும் கூடி வாழ்கின்ற குடும்பங்கள் நாம். அந்த முகவரிகளை எங்களை நம்பிக் கொடுத்தீர்கள். ஒருமுறை அந்த நம்பிக்கைக்கு நாங்கள் குறை செய்தோம். அதற்கு இம்மேடையில் மீண்டும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம். பதிவேட்டை ஆண்டுக்கொரு முறை நீங்களே வந்து பார்க்கலாம். எந்த நிரலுக்கு எந்தச் சாவி என்று ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். கணினி தெரியாதவரும் அதனைப் படித்துக் கேள்வி கேட்கலாம். முதலில் கேட்ட அந்த அம்மையார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களும் கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.